மேடையேறிய மாடும் நூறு மடங்குக் கஞ்சாவும்

"மாட்டுக்கே கஞ்சா ஏறிவிட்டது!" என்று அந்த மனிதர் ஒலிபெருக்கியில் முழங்கியபோது என் வாய் நிறைய அவித்த கச்சான் இருந்தது. மலாயாவில் வேர்க்கடலைக்குக் கச்சான் என்று பெயர். விழுங்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

நான் மலாக்காவுக்கு வந்த மூன்றாம் நாள் மாலை அது. ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில், துணிக்கடைகளுக்கு நடுவே நகர சபைத் தேர்தல் கூட்டம். மேடையின் இரு பக்கமும் குலையோடு வாழை மரம், மேலே தென்னங்குருத்துத் தோரணம். கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான், நாடு நம் கைக்கு வருகிறது, அதற்கு முன்னால் நகர சபை வரட்டும் என்று ஆரம்பித்த வேட்பாளர் எப்படியோ கஞ்சாவுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"நம் பாட்டன் பிடித்த கஞ்சா வேறு, இன்றைக்கு வருகிற கஞ்சா வேறு! அதைவிட இது நூறு மடங்கு வீரியம்! போன வாரம் காஜா பெராங் திடலில், நம் கூட்டத்தில் என்ன நடந்தது? வண்டிக்காரன் ஒருவன் இழுத்தது ஒரே இழுப்பு. அவன் விட்ட புகை மாட்டின் மூக்கில் ஏறியது. மாடு மேடையில் ஏறியது! பந்தல் சரிந்தது! மாட்டுக்கே இந்தக் கதி என்றால் நம் பிள்ளைகள் கதி என்ன?"

கூட்டம் கைதட்டியது. என் அக்காள் கணவர், மேடைக்குக் கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார்.

எனக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. நூறு மடங்கு என்றால் எதைவிட நூறு மடங்கு? பாட்டன் காலத்துக் கஞ்சாவை யார் எடுத்து வைத்திருந்து இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? நான் ரசாயனம் படித்தவன். மடங்கு என்று ஒருவர் சொன்னால், அளந்த கோல் எங்கே என்று கேட்கத்தான் கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கப்பலேறுவதற்குள் இதன் வேரைப் பிடித்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். மிச்சக் கச்சானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நான் வந்த வேலை வேறு. அக்காவைக் கொண்டுவந்து அத்தானிடம் விடுவது. அத்தான் கித்தா வியாபாரக் கிடங்கு ஒன்றில் கிராணி, நம் ஊர்க் குமாஸ்தா. கித்தா என்றால் ரப்பர். குடியிருப்பது காஜா பெராங். அக்காவை விட்டாயிற்று. திரும்பும் கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. சும்மா இருக்கிற உடம்பா இது?

"வந்து இன்னும் பெட்டியே பிரிக்கல, அதுக்குள்ள வம்பா?" என்றாள் அக்கா, மறுநாள் காலை இட்லியைத் தட்டில் தள்ளியபடி.

"வம்பு இல்லக்கா. விசாரணை."

"ரெண்டும் ஒண்ணுதான். சட்னி வேணுமா?"

தேங்காய் இங்கே நம் ஊரைவிடக் கொழுப்பு. சட்னி அரைத்தால் பால்கோவா போல நிற்கிறது. இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

வண்டிக்காரரைத் தேட வேண்டியிருக்கவில்லை. அக்கா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பெயர் காத்தமுத்து. கித்தாத் தோட்டத்தில் பிறந்து, மரத்தில் பால் வெட்டி, பிறகு டவுனுக்கு வந்து ஒற்றை மாட்டு வண்டியில் மணலும் விறகும் அடிக்கிறவர். கொட்டகையில் வாழைத்தண்டைப் பொடிப்பொடியாக வெட்டி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மாடு வெள்ளை, திமிலும் தாடையும் பார்த்தால் ஜமீன்தார் போல இருந்தது.

"இதுதாங்களா அந்த மாடு?" என்றேன்.

"மாடுன்னு சொல்லாதீங்க தம்பி, கோவிச்சுக்குவான். பேரு தொரை. தோட்டத்துத் தொரை மாரியே. அவனுக்கா தோணுனாத்தான் நகருவான். எல்லாத் தொரையும் கப்பல் ஏறப்போறான், இவன் மட்டும்தான் நம்மகூட இருக்கப்போறான்னு நெனச்சேன். இப்ப அதுவும் இல்லன்னு ஆயிரும் போல."

விஷயத்தை அவர் சொன்னார். நகர சபையிலிருந்து ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திங்கட்கிழமை காலை விசாரணை. போதையில் வண்டி ஓட்டினார் என்று முடிவானால் வண்டி லைசன் ரத்து. லைசன் போனால் வண்டி போகும். லாரிகள் வந்துவிட்ட ஊரில் வண்டிக்கென்று மாட்டை வாங்க யாரும் இல்லை.

"ஒருத்தன் இருக்கான்" என்றார் காத்தமுத்து. "பசார்ல கறி வெட்டுறவன். நேத்தே வந்து தொடையத் தடவிப் பாத்துட்டுப் போயிட்டான். தொரைக்கு மூஞ்சி செத்துப்போச்சு."

தொரை தண்டை மென்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் காத்தமுத்து தண்டு வெட்டுவதை நிறுத்தியிருந்தார். வெட்டரிவாளைக் கீழே வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நேராகக் கேட்டேன். "அன்னிக்கு நீங்க கஞ்சா பிடிச்சீங்களா?"

"அன்னிக்கு இல்ல. தோட்டத்துல இருந்தப்ப பிடிப்பேன். இப்பவும் என்னைக்காச்சும், முதுகு வலி தாங்கலன்னா ஒரு இழுப்பு. பொய் சொல்ல மாட்டேன் லா." இந்த ஊரில் பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

எனக்குக் கொஞ்சம் சுருதி இறங்கிவிட்டது. கஞ்சாவே தொடாத உத்தமர் ஒருவரைக் காப்பாற்றப் போவதாக மனத்துக்குள் ஒரு நாடகம் போட்டு வைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பிடிச்சா என்னா ஆவும் தெரியுமா தம்பி? சிரிப்பு வரும். பசி வரும். அப்பறம் தூக்கம் வரும். மேடை ஏர்றதுக்கு எழுந்திரிக்கணுமில்ல? எங்கப்பன் காலத்துலயும் இதையேதான் சொன்னானுங்க. 'இந்தக் கஞ்சா முந்தி மாரி இல்ல, பேய்க் கஞ்சா'ன்னு. ஒவ்வொருத்தன் காலத்திலயும் அவனவன் அப்பன் பிடிச்சது மட்டும் சாதுவாம்."

"விசாரணையில மத்த நாளைப் பத்திக் கேட்டா?"

"மத்த நாளைக்கு மத்த விசாரணை வைக்கச் சொல்லுங்க. அன்னிக்கு நான் சடக்கு ஓரத்துல வண்டிய அவுத்து விட்டுட்டு எதிர்க்கடையில கோப்பி குடிச்சிட்டு இருந்தேன். மைக் கீ...ன்னு அலறுச்சு. திரும்பிப் பாக்கறேன், மேடையக் காணோம்." சடக்கு என்றால் இங்கே சாலை.

சட்டப்படி கஞ்சா குற்றம்தான், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் குடிக்காத நாளுக்குக் குடித்தான் என்பதும், அதற்கு மாட்டைச் சாட்சியாக இழுப்பதும் வேறு. அதை உடைத்தே தீருவது. ஒலிபெருக்கிதான் காரணம், சந்தேகமே இல்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி. புகை?

"அந்தப் புகையா? வாங்க" என்று காத்தமுத்து அடுத்த வேலிக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே சிட்டி வகுப்பைச் சேர்ந்த அம்மாள் ஒருவர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர் வம்சம், கெபாயா என்ற நீள ரவிக்கையும் சாரோங் கைலியும் அணிந்த நடுவயதுக்காரர், வேலியோரம் பாயில் பழத்தோல் காயவைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பிபிக் என்கிறார்கள், அத்தை என்பது போல. பூஜை அறையில் பிள்ளையார், நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் சில சாப்பாட்டுப் பெயர்களும்தான். முதலில் எனக்குத் திகைப்பாக இருந்தது. அவர் வைத்த பிண்டாங் என்ற மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு கவளம் போட்டதும் திகைப்பு போய்விட்டது. புளியும் காரமும் பாஷை பார்த்தா வருகிறது?

காய்ந்துகொண்டிருந்தது லங்சாட் பழத்தோல். எலுமிச்சையைவிடச் சிறிய, வெளிர் மஞ்சள் பழம். தோலை உலர்த்திக் கொளுத்தினால் கொசு அண்டாது. காத்தமுத்து ஒரு தகர டப்பாவில் அதைக் கங்கு போட்டு வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிடுவார், மாட்டை ஈ கடிக்காமலிருக்க. பிபிக் ஒரு பிடி கொளுத்திக் காட்டினார். இனிப்பும் கசப்புமாக ஒரு வாசனை. நான் மூக்கை நீட்டி இழுத்து இழுத்துப் பார்த்தேன். பிபிக் ஏதோ சொல்ல, காத்தமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சொல்றாங்க?"

"இந்தப் பையன் மோந்து பாக்கறதப் பாத்தா இவனுக்குத்தான் மொதல்ல ஏறப்போவுதுங்கறாங்க."

"இது லங்சாட் புகைதான்னு ஊர்ல யாருக்குமே தெரியாதா? கேளுங்க."

பிபிக் சொன்ன பதிலை அவர் அப்படியே தமிழில் தந்தார். "எல்லாருக்கும் தெரியும். எல்லார் வீட்டிலும் இதைத்தான் கொளுத்துகிறோம். கதை நன்றாக இருக்கிறது, அதனால் சொல்கிறோம். நானே என் தங்கைக்குச் சொன்னேனே!"

சொல்லிவிட்டுப் பிபிக் காத்தமுத்துவைப் பார்த்தார். பிறகு குனிந்து தோல்களைத் திருப்பிப் போட ஆரம்பித்தார்.

அடுத்த நாள், பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பேருந்து. ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் சாயபு ஒருவர் அங்கே கூட்டத்துக்குக் குழாய் கட்டப் போயிருப்பதாகத் தகவல். பாதி வழியில் பேருந்து கனைத்து நின்றது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நம் ஊரிலும் தள்ளுவோம். ஆனால் அங்கே தள்ளுகிறவர்கள் நடத்துனரைத் திட்டிக்கொண்டே தள்ளுவார்கள். இங்கே வெயிலைப் பற்றியும் கோழி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு தள்ளினார்கள். எனக்குப் பக்கத்தில் தள்ளிய சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்பார்கள், அந்தப் பக்கம் தள்ளிய மலாய்க்காரரிடம் மலாயில் சொன்னதை, கூடத் தள்ளிய தமிழ்ப் பையன் ஒருவன் எனக்கு மொழிபெயர்த்தான்.

"இந்தியர் மாடு ஒன்று கஞ்சா குடித்துவிட்டு ஏணி ஏறியதாமே."

"ஏணியா? மேடையில் நின்று மைக்கைப் பிடித்ததாகக் கேள்விப்பட்டேன்."

"பேசியதா?"

"வேட்பாளரைவிடச் சுருக்கமாக."

நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் கறிக்கடைக்காரன் தொடை தடவியது நினைவு வந்தது. இன்னும் பலமாகத் தள்ளினேன். வண்டி பிடித்துக்கொண்டது.

ஒலிபெருக்கி நானா மரத்தின் மேல் இருந்தார். தமிழ் முஸ்லிம்களில் மூத்தவர்களை இங்கே நானா என்று கூப்பிடுகிறார்கள். கீழிருந்தே கேட்டேன். அவர் குழாயைக் கட்டிக்கொண்டே மேலிருந்து பதில் சொன்னார்.

"அலறுச்சு தம்பி, மைக் அலறத்தான் செஞ்சுச்சு. குழாய்க்கு நேரா வந்து நிக்காதீங்கன்னா பேசறவரு கேக்கணுமில்ல? ஆனா சாட்சிக்கு என்னைக் கூப்புடாதீங்க. மிச்சக் கூட்டம் பூரா என் செட்டுதான்."

"எல்லாக் கூட்டத்திலயும் நீங்க இருந்தீங்களா? எல்லாத்திலயும் நூறு மடங்குதானா?"

"சே சே. செமாபோக்ல மொதமொத சொன்னப்ப பத்து மடங்கு. மேடை விழுந்த பெறவு அம்பது ஆச்சு. பெண்டஹாராவுல நூறு. இன்னிக்கு இங்க எவ்வளவுன்னு ராவுக்குத் தெரியும்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு அவர் கீழே எட்டிப் பார்த்தார். "என்னையக் கேக்கறீங்களே, அந்தப் பேச்செல்லாம் எழுதித் தர்றது ஒங்க அத்தான்தானே? வீட்லயே கேக்கலாமே."

திரும்பும்போது பேருந்து ஒழுங்காகவே ஓடியது. எனக்குத்தான் வழி நீண்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அக்கா சுறாப்புட்டு செய்திருந்தாள். நான் தட்டைத் தொடவில்லை. "பத்து மடங்குன்னு எதை வெச்சு எழுதினீங்க அத்தான்?"

அவர் மழுப்பவில்லை. "எதையும் வெச்சு எழுதலப்பா. மொதல்ல 'முன்னைவிட வீரியமானது'ன்னுதான் எழுதினேன். வேட்பாளர் படிச்சுப் பாத்துட்டு, சப்புன்னு இருக்குன்னாரு. பத்துன்னு போட்டேன். கைதட்டல் வந்துச்சு. பெறகு அவரா ஏத்திக்கிட்டாரு."

"அதனால ஒருத்தர் பொழப்பு போவுதே?"

"கஞ்சாவால பொழப்புப் போனவங்கள நான் பாத்திருக்கேன். எங்க கிடங்குலயே ஒருத்தன், நல்ல வேலைக்காரன், உக்காந்த எடத்துலயே உக்காந்து கெட்டுப்போனான். அது பொய்யா?"

"அதையே சொல்லுங்களேன். அது போதாதா?"

"பாத்ததச் சொன்னா யாரும் கைதட்ட மாட்டாங்க மச்சான்" என்றார் அத்தான். கோபமாகச் சொல்லவில்லை. அக்கா இரண்டு பேர் தட்டையும் பார்த்துவிட்டு, "புட்டு ஆறுது" என்றாள்.

வாயால் சொல்லிப் பயனில்லை, செய்து காட்டுவதுதான் வழி. சனிக்கிழமை மாலை, காஜா பெராங் திடலில், ஆளில்லாத நேரத்தில், நானாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குழாயைக் கட்ட வைத்தேன். காத்தமுத்து தொரையை ஓட்டி வந்து சடக்கோரம் நிறுத்தினார். நான் மைக்கைக் குழாய்க்கு நேராகப் பிடித்தேன். கீ என்று ஓர் அலறல். காக்கைகள் பறந்தன. பிபிக் வீட்டு நாய் ஊளையிட்டது. நானா காதைப் பொத்திக்கொண்டார்.

தொரை அசைபோட்டான்.

இன்னொரு தடவை. இன்னும் கிட்ட. தொரை ஒரு காதை மட்டும் லேசாக ஆட்டினான், ஈ உட்கார்ந்தாற்போல. பிறகு சாணி போட்டான்.

"தொரை தன் கருத்தச் சொல்லிட்டான்" என்றார் நானா.

ரசாயனம் படித்தவனின் முகத்தில் ஈயாடவில்லை. காத்தமுத்து என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பரவால்ல தம்பி. வாங்க, ஒரு கோப்பி குடிப்போம்" என்றார். அவர் நானாவுக்குக் குழாயைத் தூக்க உதவப் போனார். மாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கச் சொல்லி மூக்கணாங்கயிற்றை என் கையில் கொடுத்தார். வண்டி இல்லை, புகை இல்லை, தகர டப்பா இல்லை. நானும் தொரையும் மட்டும்.

சடக்கு வளைவில் அத்தான் கட்சியின் கிளை அலுவலகம். அன்று காலைதான் திறந்திருந்தார்கள். வாசலில் இரண்டு வாழை மரம், மேலே புதுப் பெயர்ப்பலகை. நான் விசாரணையை நினைத்துத் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று கயிறு விறைத்தது. அதற்கப்புறம் நான் நடக்கவில்லை, இழுபட்டேன். செருப்பு ஒன்று பின்னால் நின்றுவிட்டது. தொரை நேராக வாசலுக்குப் போய், பொறுமையாக, மரியாதையாகக்கூடச் சொல்லலாம், இடப்பக்க வாழையை வாயில் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தான். வாழை கட்டியிருந்த கம்பு வந்தது. கம்போடு தோரணம் வந்தது. தோரணத்தோடு பெயர்ப்பலகை என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது.

தினமும் வெட்டிப் போட்ட தண்டு தின்கிற மாட்டுக்கு முழு மரத்தையே தோரணம் கட்டி வைத்து வரவேற்றால் அது வேறு என்ன செய்யும்? திடலில் மேடை சரிந்த அன்றும் இதேதான் நடந்திருக்கிறது. அன்று வாழையெல்லாம் பந்தல் துணிக்கு அடியில் கிடந்தது, அவ்வளவுதான். மலாக்கா முழுக்க மேடைக்கு வாழை கட்டுகிறார்கள். தினமும் கண்ணில் படுகிற பொருள் என்பதால் வேட்பாளர், வண்டிக்காரர், நான், யார் கண்ணிலும் அது படவில்லை. மாட்டின் கண்ணில் மட்டும் பட்டது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. "இந்தத் தம்பியும் இழுத்துட்டான் போல!" என்றது ஒரு குரல். "புதுச் சரக்கு. இருநூறு மடங்காம்" என்றது இன்னொன்று. நான் ஒற்றைச் செருப்போடு, கையில் கயிறோடு நின்றேன். கதை என் மேலேயே முளைவிடுவதைக் கண்ணால் பார்த்தேன்.

அலுவலக வாசலில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் பார்த்திருந்தார். விழுந்த பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாழைப்பூவை ரசித்துத் தின்றுகொண்டிருந்த தொரையைப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ கோபமாக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஏய், அது என் மச்சான். காலையில என் வீட்டு இட்லியத் தவிர அவன் வேற ஒண்ணும் சாப்புடல."

பின்னாலிருந்து ஓடி வந்து சேர்ந்த காத்தமுத்து மூச்சு வாங்கச் சொன்னார்: "ரொம்ப வீரியமான இட்லிதான் லா."

முதலில் சிரித்தவர் அத்தான். அப்புறம் தெருவே சிரித்தது. பலகையை நிமிர்த்த நாலு பேர் கை கொடுத்தார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இதை நான் எழுதிக்கொண்டிருக்க, எதிரே அதே மேசையில் அத்தான் நாளைய விசாரணைக்குக் கொடுக்க வேண்டிய மனுவை எழுதிக்கொண்டிருக்கிறார். சாட்சியாகக் கையெழுத்தும் அவர்தான் போடுகிறார். இனி அந்த மேடைக்கு அவர் எழுதப் போவதில்லை. வேட்பாளர் காலையிலேயே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். அக்கா அதற்காகவோ என்னவோ பாயசம் வைத்திருக்கிறாள். பிபிக், தன் தங்கைக்குச் சொன்ன கதையைத் திரும்ப வாங்கப் போவதாகச் சொல்லி, ஒரு கூடை லங்சாட் தோலோடு நாளை வருகிறார். அதிகாரி மோந்து பார்க்கட்டும் என்று.

அத்தான் எழுதியதைப் படித்துக் காட்டினார். "மேற்படி மாடானது பசியின் வேகத்தில் பத்து வாழை மரங்களைச் சாய்த்து..."

"ஒண்ணு, அத்தான்."

"ஒண்ணுன்னா சப்புன்னு இருக்குமேப்பா."

"ஒண்ணு."

பெருமூச்சு விட்டு அடித்து எழுதினார். ஒரு வாழை மரம்.

நாளை அந்த ஒரு மரத்தை நகர சபை வாசலில் கட்டுவது என் பொறுப்பு. தொரைக்கு இன்று சாயங்காலம் தண்டு கிடையாது. காத்தமுத்து முதல் தடவையாக அவனைப் பட்டினி போடுகிறார், அடிக்கொரு தரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. மூக்கணாங்கயிற்றை நாங்கள் யாரும் பிடிக்கப் போவதில்லை. அதை அதிகாரியின் கையிலேயே கொடுப்பதாக இருக்கிறோம்.